புலியும் லாரியும்

"நாவலில் இப்படி இல்லையே!"

இந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. தியேட்டரை விட்டு வெளியே வந்து செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்வதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்கிறவர் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பந்தியில் தமக்கு மட்டும் அப்பளம் விழவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டவரின் முகம் அது. துக்கம் பாதி, ஜெயித்துவிட்ட குதூகலம் பாதி.

இந்த ஆசாமிகள் மேல் எனக்கு வெகுநாளாகக் கோபம். நான் நாவல் எழுதுகிறவன். நியாயமாகப் பார்த்தால் நான் அவர்கள் கட்சியில் இருக்க வேண்டும். ஆனால் மாற்றாமல் எடுப்பதே விசுவாசம் என்று இவர்கள் பேசுவதைக் கேட்டால், கதை என்பது வாடகைக்குக் கொடுத்த அண்டா, திருப்பி வாங்கும்போது நசுங்கல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டிய சாமான், என்று ஆகிவிடுகிறது.

'முள்ளும் மலரும்' விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உமாசந்திரன் எழுதிய நாவல். 'கல்கி' பத்திரிகையின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்றது. நாவலில் காளியின் கையைப் புலி கொண்டுபோகிறது. 1978-ல் மகேந்திரன் தம் முதல் படமாக அதை எடுத்தபோது புலியை எடுத்துவிட்டு ஒரு லாரியைக் கொண்டுவந்தார். இன்ஜினீயரோடு மோதி, வேலையிலிருந்து ஒதுக்கப்பட்டு, மூக்கு முட்டக் குடித்துவிட்டு நடுரோட்டில் விழுந்து கிடக்கிறான் காளி. லாரி ஏறிவிடுகிறது. அவ்வளவுதான்.

அண்டாவைத் தட்டிப் பார்க்கிறவர் இதைப் பெரிய நசுங்கல் என்பார். எனக்கோ படத்தின் உயிரே அந்த லாரியில்தான் இருக்கிறது. புலியிடம் கையைப் பறிகொடுத்தவன் ஊருக்கு வீரன். திண்ணையில் உட்கார்ந்து பேரன் பேத்திகளுக்குச் சொல்லலாம். லாரியிடம் பறிகொடுத்தவன் யாரிடம் போய்ச் சொல்வான்? தன் திமிரும் தன் குடியும் சேர்ந்து தன் கையைத் தின்றுவிட்டன என்பது அவனுக்கே தெரியும். தெரிந்தும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு முன்னைவிட ஒரு பங்கு அதிகமாக முறைப்பான். அந்த முறைப்புக்காகத்தான் நான் அந்தப் படத்தைப் பத்துத் தடவைக்குமேல் பார்த்திருக்கிறேன். என் சொந்தக்காரர்களில் நாலைந்து பேர் அதே முறைப்போடு செத்துப்போயிருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்த வருஷமே, 1979-ல், இதே மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கரு. ஆனால் ஊரே கூடி நின்று ஒருவனை ஆற்றுக்குள் நடக்கவைக்கும் அந்த முடிவு மகேந்திரனுடையது. புதுமைப்பித்தன் 1948-லேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஆரூடம் சொல்ல நான் தயாராக இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஆற்றங்கரைக் காட்சிக்குப் பிறகு நான் 'சிற்றன்னை'யை மறுபடி எடுத்துப் படித்தபோது கதைக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்கவில்லை என்பதுதான்.

அப்படியானால் மாற்றுகிறவன் எல்லாம் மகானா? அதுவும் இல்லை. இங்கேதான் எதிர்க்கட்சிக்காரரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "நாவல் வேறு, சினிமா வேறு" என்பது அவருடைய மந்திரம். எது கேட்டாலும் இதையே எடுத்து நீட்டுவார். வேறுதான், யார் இல்லை என்றார்கள்? தோசை வேறு, இட்லி வேறு. அதற்காக மாவு புளித்துப்போனதைக் கேட்கக் கூடாதா?

ஆர். கே. நாராயண் 1958-ல் எழுதிய 'கைடு' நாவலை 1965-ல் ஹிந்தியில் படமாக்கினார்கள். மால்குடி என்ற சின்னத் தென்னாட்டு ஊர், பளபளப்புக்காக ராஜஸ்தானத்துக்குக் குடிபோயிற்று. ஆங்கிலத்திலும் ஒரு படம் தனியாக எடுத்தார்கள். கதையில் இல்லாத புலிச் சண்டை ஒன்று நுழைந்த கூத்தையெல்லாம் நாராயண் ஒரு கட்டுரையில் எழுதித் தீர்த்தார். நான் அவருக்காக வருத்தப்படுவது புலிக்காக அல்ல, மழைக்காக. நாவலின் கடைசியில் ராஜு, பட்டினி விரதத்தில் துவண்டுபோய், மலைப் பக்கம் மழை வருவதாகச் சொல்லிச் சரிகிறான். மழை வந்ததா, அவன் பிழைத்தானா, நாராயண் சொல்லவில்லை. போலிச் சாமியார் கடைசி நிமிஷத்தில் நிஜச் சாமியார் ஆகிவிட்டானா என்ற கேள்வியோடு நம்மைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஹிந்திப் படத்தில் மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. ஜனங்கள் ஆடுகிறார்கள். கேள்வி நனைந்து கரைந்துபோகிறது. பர்மனின் சங்கீதத்துக்கும் வஹீதா ரஹ்மானின் நடனத்துக்கும் நான் அடிமை, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மழையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கதை கேட்ட மழை அல்ல அது. டிக்கெட் வாங்கினவன் வெறுங்கையோடு போய்விடுவானோ என்ற பயத்தில் பெய்த மழை.

இதே நாராயணுக்கு நேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவாமிநாதன் என்ற பையனை அவர் 1935-ல் இங்கிலீஷில் படைத்தார். 1987-ல் அவன் தூர்தர்ஷனில் ஹிந்தி பேசிக்கொண்டு வந்தான். எடுத்தவர் சங்கர் நாக் என்ற கன்னடக்காரர். எடுத்த இடம் கர்நாடகத்து மலைநாட்டிலே ஆகும்பே. கணக்குப் பார்த்தால் எல்லாமே மாறிப்போயிற்று. அடுத்த வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாமல், எல். வைத்தியநாதனின் அந்த முகப்பு இசையை முணுமுணுத்துக்கொண்டு நான் பார்த்தேன். சுவாமி பள்ளிக்கூடம் போகப் பயந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. ஹிந்திக்காரப் பையன் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. நாலாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. என் சிறுகதை ஒன்றைத் தொலைக்காட்சிக்காக எடுத்தார்கள். ஒரு கிழவி, அவள் கொல்லையில் ஒரு முருங்கை மரம். காற்றில் கிளை முறிந்து விழுவதுதான் கதை. எடுத்த இடத்தில் முருங்கை கிடைக்கவில்லையாம், மாமரமாக்கிவிட்டார்கள். முருங்கைக் கிளை முறியும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். மாமரக் கிளையை முறிக்க நாலு ஆள் ஏறி ரம்பம் போட வேண்டியிருந்தது. அதை எடுத்தவர் ரொம்ப நல்ல மனிதர். எனக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். "மரம்தானே சார்!" என்றார்.

ஆக, என் கட்சி இது: மாறியிருக்கிறதா என்று கேட்காதே, எதற்காக மாறியது என்று கேள். இந்தக் கட்சியை நான் பல மேடைகளில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இதைக் கொண்டு யாரையும் மடக்கிவிடலாம் என்ற நினைப்பிலும் இருந்தேன், 2023 வரையில்.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வந்தது. மாயவரத்திலிருந்து என் அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். அத்தைக்கு எழுபத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். முப்பது வருஷத்துக்குமேல் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள். 1950 முதல் 1954 வரையில் 'கல்கி'யில் தொடர்கதையாக வந்ததை என் தாத்தா வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, மணியத்தின் படங்கள் கசங்காமல் பைண்டு செய்து வைத்திருந்தார். அத்தை அதைத் தன் பதினாறாவது வயதில் படித்தாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது.

முதல் பாகத்தை 2022-ல் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முடிந்து விளக்குப் போட்டதும், எழுந்திருக்காமலே கேட்டாள்: "மணிமேகலை எங்கேடா?"

நான் சிரித்துக்கொண்டே என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடக்க வேண்டும். கடம்பூர்ச் சம்புவரையர் பெண் இல்லாமலே கதை நகர்ந்துவிடும். நாவல் வேறு, சினிமா வேறு... ஆமாம், அந்த மந்திரத்தை நானே சொன்னேன்! ஆட்டோவில் வரும்போதும் விடவில்லை. காளியின் கை, புலி, லாரி, எல்லாவற்றையும் எடுத்து விட்டேன்.

அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "நீ சொல்றது சரியா இருக்கும். அவள் இல்லாட்டாலும் கதை நடக்கும். புஸ்தகத்திலேயும் அப்படித்தான். அவள் இல்லாட்டா வந்தியத்தேவனுக்கு என்ன குறைஞ்சுபோச்சு? அவன் குந்தவையைத்தான் நினைச்சுண்டிருந்தான். ஆனா கல்கி அவளைத் தள்ளலையே. அத்தனை ராஜா ராணியும் ஓஞ்சப்புறம், கடைசி அத்தியாயத்தை அவளுக்குன்னு வெச்சாரே!"

எனக்குப் பேச்சு எழவில்லை. உண்மைதான். அத்தனை பெரிய கதையை, பட்டாபிஷேகம் எல்லாம் முடிந்த பிறகு, தன்னை நேசிக்காத ஒருவனை நேசித்துச் சித்தம் கலங்கிப்போன ஒரு பெண் அவன் கண் எதிரே உயிர் விடுவதில் கொண்டுவந்து முடித்திருக்கிறார் கல்கி. எடுத்தவர் எதற்காக அவளை விட்டார் என்று என் கேள்வியை நானே கேட்டுப் பார்த்தேன். பயத்தினால் அல்ல, காசுக்காக அல்ல. இடம் இல்லை, அவ்வளவுதான். காரணம் நியாயமானதுதான். அந்த நியாயத்தை அத்தையிடம் இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடம் இல்லை என்று சொல்லப்படுவது அவளுக்குப் புதிது அல்ல.

என் கட்சியை நான் விட்டுவிடவில்லை. லாரி லாரிதான், அந்தப் படத்துக்குப் புலி வேண்டாம். அண்டா தட்டுகிறவர்களோடு எனக்குச் சமாதானமும் இல்லை. ஆனால் "நாவலில் இப்படி இல்லையே" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் உடனே பாய்வதில்லை. யாரைக் காணோம் என்கிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று ராத்திரி அத்தை சாப்பாடு வேண்டாம் என்று மோர் மட்டும் குடித்தாள். பிறகு அலமாரியிலிருந்து தாத்தாவின் பைண்டு புத்தகங்களில் கடைசியானதை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதுகுத் துணி நைந்து, நூல் தெரிந்தது. பின்பக்கத்திலிருந்து திருப்பினாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"போகிறபோது அந்தப் பெரிய விளக்கைப் போட்டுட்டுப் போ" என்றாள்.