பூனையை மட்டும் குறை சொல்லாதீங்க

போன செமஸ்டர் சுற்றுச்சூழல் பேப்பருக்கு ஒரு செமினார். கிளாஸ்மேட் ஒருத்தன் கடைசி ஸ்லைடுல போட்டான்: "மக்வாரி தீவு. பூனையைக் கொன்னாங்க, முயல் பெருகிடுச்சு, தீவே நாசம். இயற்கையில கை வைக்காதே." எல்லாரும் கை தட்டினோம். நானும்தான். அப்புறம் ஹாஸ்டல்ல உட்கார்ந்து தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சது, இன்டர்வெல்லோட எழுந்து வந்துட்டு படத்துக்கு விமர்சனம் சொல்லியிருக்கோம்னு.

மக்வாரி, டாஸ்மேனியாவுக்குத் தென்கிழக்கே சுமார் 1,500 கி.மீ. தள்ளி இருக்கு. 34 கி.மீ. நீளம், அதிகபட்சம் 5 கி.மீ. அகலம். மரமே கிடையாது. காத்து, மழை, லட்சக்கணக்கில் பெங்குவின். ராயல் பெங்குவின் முட்டையிடுறது இந்தத் தீவிலும் பக்கத்துல இருக்கிற சில பாறைத் தீவுகளிலும் மட்டும்தான்.

1810-ல கடல்நாய் வேட்டைக்காரங்க கண்ணுல இது பட்டது. பத்தே வருஷத்துல ஃபர் சீல் காலி. அப்புறம் யானைச் சீல். அதுவும் குறைஞ்சதும் பெங்குவினைக் கொப்பரையில போட்டு நீராவியில வேகவெச்சு எண்ணெய் எடுத்தாங்க. ஒரு பறவைக்குச் சுமார் அரை லிட்டர், அவ்வளவுதான்! டக்ளஸ் மாசன் மாதிரி ஆய்வுப் பயணிகள் சத்தம் போட்டு, 1920 வாக்குலதான் அது நின்னது. அந்தக் கொப்பரைகள் துருப்பிடிச்சு இன்னும் லூசிடானியா விரிகுடாவில நிக்குது, சுத்தி கிங் பெங்குவின் கூட்டம்.

ஆனா அவங்க விட்டுட்டுப் போனதுதான் பெரிய தலைவலி. கப்பல்ல வந்த எலி, பூனை. சாப்பாட்டுக்குன்னு 1870-களில் கொண்டுவந்து விட்ட முயல். தீவுக்கே உரிய ஒரு கிளி இனம் அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள அழிஞ்சே போச்சு.

முயல் 1978-ல சுமார் 1,30,000. மிக்சோமா வைரஸைப் பரப்பினாங்க, 20,000-க்குக் கீழே இறங்கிடுச்சு. பூனைகளோ வருஷத்துக்குச் சுமார் 60,000 கடற்பறவைகளைத் தின்னுதுன்னு ஒரு மதிப்பீடு. 1985-ல பூனை ஒழிப்பு ஆரம்பிச்சு, 2000-ல கடைசிப் பூனையும் போச்சு. அப்புறம்தான் முயல் திரும்பவும் பழைய எண்ணிக்கைக்கு ஏறினது. மலைச்சரிவெல்லாம் மொட்டை. 2006-ல மழையில மண் சரிஞ்சு பெங்குவின் குடியிருப்பு மேலேயே விழுந்தது.

நம்மாளோட ஸ்லைடு இங்கதான் முடிஞ்சது. ஆனா பூனை போன அதே காலத்துல வைரஸோட பிடியும் தளர்ந்துட்டு வந்தது. ரெண்டு வேரியபிள் ஒண்ணா மாறியிருக்கு, நாம ஒண்ணை மட்டும் பிடிச்சு பழி போடுறோம். லேப்ல இப்படி ரீடிங் எடுத்துக் காட்டினா வைவாவுல விடுவாங்களா? விஞ்ஞானிகளே இதுல ரெண்டு கட்சியா வாதாடினாங்க. இன்னொண்ணு: பூனை போனதும், நூறு வருஷமா அங்க கூடு கட்டாத சாம்பல் பெட்ரல் திரும்பி வந்து குஞ்சு பொரிச்சது. இதை ஏன் ஸ்லைடுல போடலை?

என் கருத்து இதுதான்: கை வெச்சது தப்பில்லை, பாதியில நிறுத்தினதுதான் தப்பு. முயல், பெரிய எலி, சுண்டெலி மூணையும் ஒரே திட்டத்துல எடுத்திருக்கணும். கடைசியில அதைத்தான் செஞ்சாங்க. 2010-ல ஹெலிகாப்டர்ல விஷத் தீனி தூவ ஆரம்பிச்சு, வானிலை மோசமாகி நிறுத்தினாங்க. செத்த முயலைத் தின்ன பறவைகளும் செத்தது. அதனால 2011-ல முதல்ல வேற வைரஸ் விட்டு முயலைக் குறைச்சு, அப்புறம் தூவி, பிணங்களையும் பொறுக்கி எடுத்தாங்க. அப்படியும் மொத்தத்துல 2,000-க்கு மேல பறவைகள் போச்சு.

இதைப் படிச்சுட்டு "கொடுமை"ன்னு நீங்க சொன்னா எனக்குப் புரியுது. எனக்கும் அந்த எண்ணிக்கை நெருடுது. ஆனா ஒண்ணும் செய்யாம இருக்கிறதுக்கும் ஒரு பிணக்கணக்கு உண்டு. அதை யாரும் எண்ணி அறிக்கை விடுறதில்லை. இவங்க எண்ணினாங்க, வெளியே சொன்னாங்க. எனக்கு அந்த நேர்மை போதும்.

தீனி தூவின பிறகு தப்பிச்ச முயல் பதிமூணுதான். அதைக் கண்டுபிடிக்க நாய்களோட ஆட்கள் போனாங்க. பெங்குவின் நடுவுல நடந்தாலும் திரும்பிப் பார்க்காத மாதிரி பழக்கின நாய்கள். கடைசி முயல் 2011-லயே சிக்கிடுச்சு. ஆனாலும் ரெண்டு வருஷத்துக்கு மேல நடந்து நடந்து தேடிட்டு, 2014 ஏப்ரல்லதான் "முடிஞ்சது"ன்னு அறிவிச்சாங்க.