காட்டுத் தீக்கும் கணக்கு வேண்டும்!

2023-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரில் பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறமாக மாறியது. மக்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நடந்தார்கள். தீ எரிந்தது அந்த நகரில் அல்ல. பல நூறு மைல்களுக்கு அப்பால், கனடா நாட்டுக் காடுகளில்!

அந்த ஒரே ஆண்டில் கனடாவில் சுமார் 1 கோடியே 50 லட்சம் ஹெக்டேர் நிலம் தீக்கு இரையாயிற்று. ஆகஸ்டு மாதம் எல்லோநைப் என்ற ஊரையே காலி செய்தார்கள். சுமார் 20 ஆயிரம் பேர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

புகைக்குத் தராசு

புகையை எடை போட முடியுமா? முடியும்!

மரம் காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து, அதில் உள்ள கரியைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. மரம் எரிந்தால் அந்தக் கரி மீண்டும் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் கிளம்புகிறது. வானில் சுற்றும் செயற்கைக் கோள் இந்த நச்சு வாயுவை அளக்கிறது. அதைக் கொண்டு, வெளியேறிய மொத்தக் கரியை விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

2023 மே முதல் செப்டம்பர் வரை கனடா காடுகள் கக்கிய கரி சுமார் 64 கோடியே 70 லட்சம் டன்! 2024-ல் வெளியான ஆராய்ச்சி இதைக் கூறுகிறது. நிலக்கரி, பெட்ரோல் முதலியவற்றை எரித்து ஓர் ஆண்டில் இதைவிட அதிகம் வெளிவிடும் நாடுகள் மூன்றே மூன்றுதான்: சீனா, அமெரிக்கா, இந்தியா.

யார் கணக்கில் எழுதுவது?

நாடுகள் தாங்கள் வெளிவிடும் வாயுக்களுக்குக் கணக்கு எழுதி ஐ.நா. சபைக்கு அனுப்புகின்றன. கனடா தன் கணக்கில் காட்டுத் தீயின் புகையைத் தனியே காட்டுகிறது, மொத்தத்தில் சேர்ப்பதில்லை. அது இயற்கையின் செயல், மனிதன் செய்தது அல்ல என்பது வாதம்.

மின்னல் தீ வைத்திருக்கலாம். ஆனால் பச்சைக் காட்டை விறகாகக் காய வைத்தது எது? 1980-க்குப் பிறகு கனடா காணாத வெப்பமும் வறட்சியும் 2023-ல் வாட்டின. மனிதன் விட்ட புகை பூமியைச் சூடாக்குகிறது. சூடு காட்டைக் காய வைக்கிறது. காய்ந்த காடு எரிந்து, மேலும் சூட்டை ஏற்றுகிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடன் இது!

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியச் செலவு வருகிறது. அது நாம் விரும்பிச் செய்த செலவு அல்ல. அதற்காகக் குடும்பக் கணக்கில் எழுதாமல் விடுகிறோமா? பெட்டியில் குறைந்த பணம் குறைந்ததுதானே?

யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் காட்டுப் புகையும் மொத்தக் கணக்கில் சேர வேண்டும். காடு கூடுதலாகக் கக்கினால், ஆலைகளும் வாகனங்களும் அந்த அளவுக்குக் குறைத்தாக வேண்டும். கணக்கில் விட்டாலும், காற்றில் கலந்தது கலந்ததுதான்!