சேர்வராயன் மலைக்கு நெருப்பு எதற்கு?

மலையேறப் போகிறவர் பையில் எது இல்லாவிட்டாலும் நெருப்பு மூட்ட ஒரு கருவி இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. ட்ரெக்கிங் குழுக்கள் அனுப்பும் பொருள் பட்டியலிலும், யூடியூப் காணொளிகளிலும், ‘சர்வைவல் கிட்’ என்று ஆன்லைனில் விற்கும் பெட்டிகளிலும் அதற்குத் தவறாமல் ஓர் இடம் உண்டு. லைட்டர், நனையாத தீக்குச்சி, உரசினால் பொறி பறக்கும் ஃபெர்ரோ கம்பி, அந்தப் பொறியைப் பிடித்துக்கொள்ள வாசலின் தடவிய பஞ்சு. காட்டில் வழிதவறினால் இவைதான் உயிர் காக்கும் என்று சொல்கிறார்கள். ஆனால் சேர்வராயன் மலை மேலுள்ள ஏற்காட்டில், ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிளியூர் அருவிப் பக்கமோ நாகலூர்ப் பக்கமோ நடக்கப் போகிறவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. சேர்வராயன் மலையில் நெருப்புக் கருவி யாரையும் காப்பாற்றப் போவதில்லை. பலரைக் கொல்லக்கூடிய ஒன்றை உயிர்காப்பு என்ற பெயரில் இளைஞர்கள் கையில் கொடுக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ‘மவுண்டனியர்ஸ்’ என்ற மலையேற்றச் சங்கம் இருக்கிறது. மலையேறுகிறவர்கள் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டிய பத்துப் பொருட்களை அந்தச் சங்கம் 1930களில் வரிசைப்படுத்தியது. 1974இல் அதன் கையேட்டில் அச்சேறிய அந்தப் பட்டியல் பிறகு உலகமெங்கும் பரவியது. அதில் நெருப்பு இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அந்தச் சங்கத்தார் ஏறும் மலைகளில் கோடையிலும் பனி கிடக்கும். ஓர் இரவு மாட்டிக்கொண்டால் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கி உயிரே போகலாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் வெப்ப மண்டலத்து மலை. மார்கழி இரவில் அங்கே பல்லைக் கிட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் நனையாத உடையும் மேலே போர்த்திக்கொள்ள ஒரு மழைக்கோட்டும் இருந்தால் அந்தக் குளிரைக் கடந்துவிடலாம். பனி மலைக்காக எழுதிய பட்டியலை ஒரு வரிகூட மாற்றாமல் சேலம் மாவட்டத்துக்கு இறக்கியதுதான் தவறின் தொடக்கம்.

அதைவிடப் பெரிய காரணம் இந்த மலையின் பருவத்தில் இருக்கிறது. ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நனைந்து நடுங்குகிறவருக்கு நெருப்பு தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில் விறகு ஊறிக் கிடக்கும். எந்தக் கம்பியை எத்தனை முறை உரசினாலும் புகைதான் மிஞ்சும். மாசியிலிருந்து சித்திரை வரை நிலைமை தலைகீழ். அடிவாரத்து முட்புதரும், நடுமலையில் மூங்கில் கலந்த இலையுதிர் காடும் காய்ந்து, கணுக்கால் மூடச் சருகு கொட்டிக் கிடக்கும். அப்போது ஒரு பொறி போதும். ஆனால் அந்த மாதங்களில் மலையில் மாட்டிக்கொண்டவரை வாட்டுவது தாகமும் வெயிலும்தான், குளிர் இல்லை. ஆக, நெருப்பு வேண்டிய காலத்தில் அது பற்றாது. பற்றும் காலத்தில் அது வேண்டாம். இந்தக் கருவியை ஆதரிப்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

பங்குனி மாதத்தில் கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஓரத்தில் நின்று கீழ்ச்சரிவை உற்றுப் பார்த்தால் இந்த ஆபத்து கண்ணுக்கே தெரியும். இடுப்பளவு புல் வைக்கோல் நிறத்தில் சாய்ந்திருக்கும். அதன் நடுவே உன்னிச்செடி, வெளியே பச்சையும் உள்ளே சுள்ளியுமாக, மரக்கிளைகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். புல்லில் பிடித்த தீ அந்தப் புதரைப் படியாகக் கொண்டு மரத்துக்கு ஏறும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் உள்ளவர்கள் கையாளும் கணக்கு. பாறையும் புதருமான சரிவில் மூச்சிரைக்க ஏறும் மனிதனால் அதை முந்த முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் புல்வெளிச் சரிவில் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தீயை யார் வைத்தார்கள் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கோடையில் காய்ந்த மலைச்சரிவில் தீ எழுந்தால், உடல் வலுவுள்ள இளம் வயதினருக்கும் தப்பிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் கைப்பட்டே எழுகிறது என்பது இந்திய வன ஆய்வு நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது.

வழிதவறியவர் தேடுகிறவர்களுக்குப் புகை காட்டலாமே என்பது வலுவான ஆட்சேபம். அதை நடந்தவற்றை வைத்தே எடைபோடலாம். 2002 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனாவில் வழிதவறிய ஒரு பெண், தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் ஹெலிகாப்டரின் கவனத்தை ஈர்க்க நெருப்பு மூட்டினார். அது பக்கத்தில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த இன்னொரு தீயோடு சேர்ந்து, மொத்தம் நாலரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 2003 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் வழிதவறிய வேட்டைக்காரர் ஒருவர் மூட்டிய அடையாள நெருப்பு 15 பேரைக் கொன்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. நெருப்பு மூட்டிய இருவரும் மீட்கப்பட்டார்கள், உண்மைதான். ஆனால் முதலாமவர் புகை காட்டியபோது ஹெலிகாப்டர் அந்தப் பகுதியில் பறந்துகொண்டிருந்தது. இரண்டாமவரைத் தேடி ஹெலிகாப்டர் கிளம்பியிருந்தது. வெயிலைப் பிரதிபலிக்கும் ஒரு கண்ணாடித் துண்டு செய்திருக்கக்கூடிய வேலைக்கு அத்தனை விலை கொடுத்தார்கள். நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோடையில் சேர்வராயன் சரிவில் எழும் புகையைப் பார்க்கும் எவரும் அதை உதவிக்கான குரலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வருஷா வருஷம் எரிகிற காடு மறுபடி எரிகிறது என்றே நினைப்பார்கள். பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு வனக்காவலர்கள் ஓடி வருவார்கள். தீயில் நிற்கப் போகும் உயிர்கள் அவர்களுடையவை.

விலங்கு அண்டாது, தண்ணீர் காய்ச்சலாம் என்ற வாதங்களில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. காட்டெருமைக்கு விலகி வழிவிடுவதுதான் பாதுகாப்பு. புகை பட்டுக் கலையும் மலைத்தேனீயோ எந்த விலங்கையும்விட மோசமாகத் தாக்கும். தண்ணீருக்குக் குளோரின் மாத்திரை போதும். மலைவாழ் மக்கள் காலங்காலமாகத் தீப்பெட்டியோடுதானே காட்டுக்குள் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு எந்தச் சரிவில் எந்த மாதம் காற்று எப்படித் திரும்பும் என்பது தெரியும். தீ பரவினால் எரிவது அவர்கள் ஊர், அவர்கள் மிளகுக்கொடி, அவர்கள் ஆடுமாடு. இரண்டு நாள் விடுமுறைக்கு வருகிறவரிடம் அந்த அறிவும் இல்லை, அந்தப் பொறுப்பும் அவர் தலையில் இல்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி நெருப்பு மூட்டுவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம். அந்தக் குற்றத்துக்கான கருவியைத்தான் கட்டாயப் பொருள் என்கின்றன நம் பட்டியல்கள்.

சேர்வராயன் மலை ஆளரவமற்ற பெருங்காடு அல்ல. அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்களும், இடையிடையே காப்பித் தோட்டச் சாலைகளும் உள்ள மலை. இங்கே வழிதவறியவர் காலை வரை அசையாமல் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் நாய் குரைப்போ ஜீப் சத்தமோ அவருக்குத் திசை சொல்லிவிடும். அவரைக் கொல்லக்கூடியது பதறி இருட்டில் நடந்து பாறையில் வழுக்குவது, கட்டுவிரியனை மிதிப்பது, தண்ணீர் தீர்ந்து மயங்குவது. இவற்றில் எதற்கும் லைட்டர் மருந்தாகாது. ட்ரெக்கிங் குழுக்கள் தங்கள் பட்டியலிலிருந்து நெருப்புக் கருவியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டாவது தண்ணீர் பாட்டிலையும், மாற்று பேட்டரியோடு ஒரு டார்ச்சையும், விசிலையும், இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ்ஸையும் எழுதட்டும். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒண்டிக்கடையில் அறை கொடுத்தவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்கட்டும். திரும்பாவிட்டால் தேடி வருகிறவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது என்பது அந்தத் தாளில் இருக்கும்.