யானை கட்டும் இடம்

தாங்க முடியாத செலவு ஒன்று குடும்பத்தில் வந்து சேருமானால், யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாயிற்று என்று நம் வீடுகளில் சொல்லுவது வழக்கம். சொல்லுகிறவரும் கேட்கிறவரும் தீனியைத்தான் எண்ணிப் பெருமூச்சு விடுகிறோம். அதற்கு முன்னால் நிற்கும் ‘கட்டி’ என்ற சொல்லை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தீனியின் கணக்கு எளிது: வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் தின்னும். எங்கே கட்டுவது, எப்படிப்பட்ட தரையில் கட்டுவது, கட்டத்தான் வேண்டுமா என்பவையே கடினமான வினாக்கள். இம்மாதம் அவற்றைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

சங்கரன்கோவில் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு யானை புதுமையன்று. சங்கரநாராயணர் கோவிலில் அம்மனின் பெயரையே தாங்கிய கோமதி யானையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஆயினும் விடுமுறை வந்துவிட்டால் திருவனந்தபுரம், மைசூர் என்று புறப்பட்டு, ஊர் சுற்றிப் பார்க்கும் பட்டியலில் மிருகக்காட்சிசாலையையும் சேர்த்துக்கொள்கிறோம். அங்கே யானையிருக்கும் வேலியோரம் ஐந்து நிமிடம் நின்று, ‘இடம் நன்றாக வைத்திருக்கிறார்கள்’ என்று தீர்ப்புக் கூறிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்கிறோம். எதைக் கண்டு அத்தீர்ப்பை அளித்தோம்? வெட்டிவிடப்பட்ட புல்தரையையும், அகழியையும், பாறைபோல் பூசப்பட்ட சிமெண்டுச் சுவரையும், பெயர்ப்பலகையையும் கண்டுதானே! அவை நம் கண்ணுக்காக அமைக்கப்பட்டவை.

யானையின் இடத்தை அறிய விரும்புகிறவர் முதலில் அதன் பாதத்தைப் பார்க்கவேண்டும். மூன்று, நான்கு டன் எடையைத் தாங்கும் அப்பாதம் பார்வைக்கு உரல்போல் இருந்தாலும், உள்ளே மெத்தைபோன்ற கொழுப்புத் திசுவினால் ஆனது. மண்ணிலும் மணலிலும் சருகிலும் நடந்து தேய்ந்து தன்னைத் தானே சீர்செய்து கொள்ளும்படி இறைவன் அதை அமைத்திருக்கிறார். அதனையே சிமெண்டுத் தளத்தில், சிறுநீரும் சாணமும் கலந்த ஈரத்தில், ஆண்டுக்கணக்காக நிறுத்தினால் நகம் வெடிக்கும், உள்ளங்கால் பிளக்கும், சீழ் கோக்கும். நாளடைவில் மூட்டுவாதம் வந்து சேரும். அடைத்து வளர்க்கப்படும் யானைகளுக்குப் பாதநோயும் மூட்டுநோயும் எத்தனை பெரிய சாபம் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கறிவர். யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். அடி அழுகுவதை நினைப்பதில்லை.

அடுத்தபடியாக அதன் அசைவைக் கவனிக்கவேண்டும். ஓரிடத்தில் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஓயாமல் ஆட்டிக்கொண்டும், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டும் இருக்கும் யானையைக் கண்டு, ‘பார், யானை நடனமாடுகிறது’ என்று குழந்தைக்குக் காட்டாத பெற்றோர் அரியர். அது நடனமன்று. செய்வதற்கு ஒன்றுமில்லாத உயிர், அடைபட்ட நிலையில் செய்யும் வேலை அது. காட்டில் யானை நாளின் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே கழிக்கிறது. பட்டை உரிக்கிறது, கிளை ஒடிக்கிறது, புல்லைப் பிடுங்கி மண்ணை உதறுகிறது, புழுதியை வாரி முதுகில் இறைத்துக்கொள்கிறது. இத்தனை வேலைகளையும் பறித்துக்கொண்டு, இரு வேளை கவளத்தை வாயில் ஊட்டிவிட்டால் வயிறு நிறையும். மற்றப் பொழுதை என் செய்வது? நல்ல இடங்களில் தழையைப் பல மூலைகளில் சிதறி வைப்பார்கள். துதிக்கையை நீட்டி எட்டிப் பறிக்கும் உயரத்தில் தொங்கவிடுவார்கள். புரண்டு கிடக்கச் சேறும், படுத்து முழுகுமளவு நீரும், உரசிக்கொள்ள ஒரு மரமும் இருக்கும்.

தோழமை மூன்றாவது. மூத்த பெண்யானையின் பின்னே தாயும் மகளும் தங்கையும் கன்றுமாகச் செல்வது யானைக் குடும்பம். பாகிஸ்தானின் இஸ்லாமாபாத் மிருகக்காட்சிசாலைக்கு 1985ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து அன்பளிப்பாகச் சென்ற காவன் என்னும் களிறு, துணையாயிருந்த சஹேலி 2012இல் இறந்தபின் எட்டு ஆண்டுகள் தனித்து நின்றது. தீனிக்குக் குறைவில்லை, உடல் அளவுக்கு மீறிப் பருத்திருந்தது. இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்து, அவ்வாண்டு நவம்பரில் காவன் விமானமேறிக் கம்போடியாவிலுள்ள சரணாலயத்தைச் சேர்ந்தது. அங்கே வேலிக்கு அப்பாலிருந்து மற்றொரு யானை நீட்டிய துதிக்கையைக் காவன் தொட்ட படத்தை உலகமே கண்டது.

உணவும் மருத்துவமும் குறைவின்றிக் கிடைக்கும் செல்வ நாட்டுக் காட்சிசாலைகளிலாவது யானை நன்றாக வாழ்கிறதா? 2008ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இவ்வினாவுக்கு விடை தேடியது. ஐரோப்பியக் காட்சிசாலைகளில் பிறந்த ஆசியப் பெண்யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டுகளே என்றும், பர்மாவின் அரசு மரத்தொழில் நிறுவனத்தில் தடி இழுக்கும் யானைகளுக்கு அது 41.7 ஆண்டுகள் என்றும் அவ்வாராய்ச்சி கண்டது. உழைக்கிற யானை நீண்டு வாழ்கிறது, உட்கார்த்தி வைத்து ஊட்டப்படும் யானை விரைந்து மடிகிறது! பர்மிய யானைகளுக்கு வேலை கடினமே. ஆனால் வேலை முடிந்தபின் அவை காட்டுக்குள் மேய விடப்படுகின்றன. இரவில் தங்கள் இனத்தோடு கூடித் திரிகின்றன. அமெரிக்காவின் டெட்ராய்ட் மிருகக்காட்சிசாலை தன் யானைகளான விங்கியையும் வாண்டாவையும் 2005இல் கலிபோர்னியாவிலுள்ள சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டது. அக்குளிர்நாட்டில் எவ்வளவு செலவிட்டாலும் தகுந்த இடம் தர இயலாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அந்நிர்வாகத்தாருக்கு இருந்தது.

நம் நாட்டிலும் மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் 2009 நவம்பரில், காட்சிசாலைகளிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளை வனத்துறை முகாம்களுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் மாற்றும்படி ஆணையிட்டது. ஆணை நல்லது, நிறைவேற்றம் அரைகுறை. டெல்லி மிருகக்காட்சிசாலையில் இருந்த ஷங்கர் இதற்குச் சான்று. குடியரசுத் தலைவராயிருந்த சங்கர் தயாள் சர்மாவுக்கு ஜிம்பாப்வே நாடு அளித்த பரிசு அந்த ஆப்பிரிக்க யானை. உடன் வந்த துணை முன்னதாகவே இறந்துபோக, ஷங்கர் பல்லாண்டுகள் தன் இனத்தாரின்றி இருந்தது. காலில் சங்கிலியோடு அது நின்ற நிலையைக் காரணங்காட்டி, உலக மிருகக்காட்சிசாலைகளின் சங்கம் 2024 அக்டோபரில் டெல்லியின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பரில் ஷங்கர் இறந்தது. தலைநகரின் நடுவே, அமைச்சரும் அதிகாரியும் வந்துபோகும் இடத்தில் நிகழ்ந்தது இது.

பிறரைக் குறைகூறுமுன் நம் திருச்சபையின் வரலாற்றையும் சற்றுப் புரட்டுவோமே. திருத்தந்தை பத்தாம் சிங்கராயருக்குப் போர்ச்சுகல் மன்னர் மனுவேல் ஓர் இளங்களிற்றைக் காணிக்கையாக அனுப்பினார். கொச்சியிலிருந்து கப்பலேறிய அக்களிறு, 1514 மார்ச் மாதம் உரோமை நகருக்குள் ஊர்வலமாக நுழைந்தது. ஹன்னோ என்று பெயரிட்டனர். திருத்தந்தைக்கு அதன்மேல் அளவிலா வாஞ்சை. நகரத்தாரும் அதைக் காணத் திரண்டனர். வத்திக்கானிலேயே தனிக் கட்டடம், பாகன், வேண்டிய உணவு யாவும் இருந்தன. 1516 ஜூன் மாதம் ஹன்னோ நோயுற்றது. மருத்துவர்கள் பொன் கலந்த பேதிமருந்து கொடுத்தனர், அது மாண்டது. அதன் உருவத்தைத் தீட்டும்படி ஓவியர் இராபேலைத் திருத்தந்தை பணித்தார். அன்புக்கு அங்கே என்ன குறை? மலபாரின் காட்டிலே திரிந்திருக்கவேண்டிய கன்றுக்கு உரோமையின் முற்றம் போதவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே கோவில் யானைகளைக் குறித்து நம் இந்துச் சகோதரர் பேசும்போது, நாம் உயரத்தில் நின்றுகொண்டு உபதேசிக்க நியாயமில்லை. அவர்களும் அன்போடுதான் வளர்க்கிறார்கள். பழத்தோடும் வெல்லத்தோடும் வருகிறார்கள். தமிழக அரசு 2003 முதற்கொண்டு கோவில் யானைகளுக்கென நடத்திய புத்துணர்வு முகாம்கள், முதலில் முதுமலையிலும் பின்னர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பவானிக் கரையிலும் நடந்தன. 48 நாட்கள் மண்ணில் நடக்கவும் ஆற்றில் குளிக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாக வேறு யானைகளைப் பார்க்கவும் அங்கே வாய்ப்பிருந்தது. ஆண்டின் மற்றைய நாட்களுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்பதே நம் கருத்து.

இதில் பாகனின் உயிரும் அடங்கியிருக்கிறது. 2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூர்க் கோவில் யானை தெய்வானை, பாகனையும் அவருடைய உறவினரையும் தாக்க, இருவரும் மாண்டனர். அந்த யானையின் மனத்தில் அன்று என்ன இருந்தது என்பதை ஆண்டவரே அறிவார். ஆனால் வருந்தும் விலங்கின் காலடியில் நாள்தோறும் நிற்கிறவர் பார்வையாளர் அல்லர். குறைந்த கூலிக்கு உழைக்கும் ஓர் ஏழைத் தொழிலாளி. யானையின் கொட்டிலைச் சோதிக்கிறவர் பாகனின் குடியிருப்பையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நலம்.

விடுமுறையில் பிள்ளைகளோடு காட்சிசாலைக்குச் செல்லும் பெற்றோர், பாதம், அசைவு, தோழமை ஆகியவற்றைப் பார்த்தபின் அங்குள்ள பணியாளரிடம் இன்னும் ஒன்றைக் கேட்கலாம். மாலை ஐந்து மணிக்கு வாயிலை அடைத்தபின் யானை எங்கே போகிறது? நாம் காணும் அகன்ற வெளியிலேயே இருக்கிறதா, அல்லது காலை வரையில் பதினைந்து மணி நேரம் சிமெண்டு அறையில் சங்கிலியோடு நிற்கிறதா? யானை இரவெல்லாம் உறங்குகிற பிராணியன்று. அதன் உறக்கம் நான்கைந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கேள்வியைக் குழந்தையே கேட்கட்டும். பெரியவர்களுக்குச் சொல்லாத பதிலைப் பணியாளர்கள் குழந்தைகளுக்குச் சொல்லிவிடுவதுண்டு.