தட்டச்சுப்பொறி மேல் ஏறி ஆடியது யார்?

‘பாம்பே டாக்கி’ வெள்ளைக்காரர்கள் வந்து நம் சினிமாவைக் கேலி செய்துவிட்டுப் போன படம் என்று ஒரு கட்டுரை தீர்ப்பெழுதியிருக்கிறது. படம் வெளிவந்தது 1970இல். இந்தத் தீர்ப்பும் ஏறக்குறைய அதே வயதுடையதுதான். அவ்வப்போது யாராவது தூசி தட்டி எடுப்பார்கள். இம்முறை எடுத்தவர் தூசியைக்கூடத் தட்டவில்லை.

கட்டுரையாளரின் முழு வாதமும் ஒரே ஆளின் பாஸ்போர்ட்டில் நிற்கிறது. இயக்குநர் ஜேம்ஸ் ஐவரி கலிஃபோர்னியாக்காரர். ஆகவே படம் வெளியாளின் ஏளனம். சரி, மற்றவர்களையும் பார்ப்போம். தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட் பம்பாயில் பிறந்தவர். கதாநாயகன் சசி கபூர், பிருத்விராஜ் கபூரின் மகன், ராஜ் கபூரின் தம்பி. இசை, ராஜ் கபூரின் ஆஸ்தான இரட்டையர் சங்கர்–ஜெய்கிஷன். பாட்டெழுதியவர் ஹஸ்ரத் ஜெய்ப்புரி, பாடியவர்கள் கிஷோர் குமாரும் ஆஷா போன்ஸ்லேயும், ஆடியவர் ஹெலன். கேமராவுக்குப் பின்னால் ‘பதேர் பாஞ்சாலி’யின் சுப்ரதா மித்ரா. இவ்வளவு பேரும் வெளியாட்கள் என்றால் பம்பாய் சினிமாவுக்குள் அன்றைக்கு இருந்தது யார், ஸ்டூடியோ வாசல் கூர்க்காவா?

இந்தப் படத்தில் ஆங்கிலத்தில் பாடி, திரையிலும் தோன்றிய ஒரு தமிழ்ப் பெண்ணும் உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்து ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில் பாடத் தொடங்கிய உஷா ஐயர். பிற்காலத்து உஷா உதுப். அவரும் கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்டுதானோ என்னவோ.

கேலிக்குக் கட்டுரையாளர் காட்டும் சாட்சி, படத்தில் வரும் தட்டச்சுப்பொறிப் பாட்டு. பிரம்மாண்டமான டைப்ரைட்டர் செட், அதன் எழுத்துக்கட்டைகள் மேல் ஹெலனும் சசி கபூரும் ஆடுகிறார்கள். ‘விதி இயந்திரம்’ என்று படத்திலேயே அதற்கு விளக்கமும் வருகிறது. இதைப் பார்த்து ஐவரி சிரிக்கிறார், நாம் அவமானப்பட வேண்டும் என்கிறார் இவர். கேலி செய்ய வந்தவன் மட்டமான மெட்டும் அரைகுறை ஆட்டமும் போதும் என்று விட்டிருப்பான். ஐவரியோ இந்தத் தொழிலின் முதல் வரிசை ஆட்களைக் கூப்பிட்டு, அவர்கள் வழக்கமாகச் செய்வதை அதே தரத்தில் செய்ய வைத்தார். அந்தப் பாட்டை அப்படியே எடுத்து எந்த ஷம்மி கபூர் படத்தில் செருகினாலும் தியேட்டரில் விசில் பறந்திருக்கும். அதில் வேடிக்கை இருக்கிறது, உண்மை. ஆனால் இந்தி சினிமா தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த கலை. அது தெரியாதவர் கட்டுரையாளர் ஒருவர்தான்.

அடுத்து, வெள்ளைக்காரியின் பார்வையில் இந்தியா காட்சிப்பொருளாகிவிட்டதாம். யார் அந்த வெள்ளைக்காரி? லூசியா லேன், ஜனரஞ்சக நாவலாசிரியை. பம்பாய் வருகிறாள், மணமான நட்சத்திரம் விக்ரமைப் பிடித்துக்கொள்கிறாள், அலுத்தால் ஆசிரமத்துக்குப் போகிறாள், அதுவும் அலுத்தால் திரும்பி வருகிறாள். இந்தியாவை மனச்சோர்வுக்கு மருந்தாக நினைத்து வரும் மேற்கத்தியர் மேல் இவ்வளவு இரக்கமில்லாமல் எழுதப்பட்ட பாத்திரங்கள் குறைவு. எழுதியவர் ரூத் பிராவர் ஜாப்வாலா. கொலோனில் பிறந்த யூதப் பெண். 1939இல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து போனவர். பார்சிக் கட்டடக் கலைஞர் ஒருவரை மணந்து 1951இல் டெல்லிக்கு வந்தவர். லூசியா மாதிரிப் பெண்கள் விமானம் இறங்குவதைப் பல வருடம் பார்த்துப் பொறுமையிழந்தவரின் பேனா அது. சாட்டையடி வாங்குவது லூசியா. கட்டுரையாளர் ஏன் தன் முதுகைத் தடவிக்கொள்கிறார்?

கலப்புக் காதல் உருப்படாது என்று படம் பிரச்சாரம் செய்வதாக எழுதியிருப்பதுதான் உச்சம். லூசியாவாக நடித்த ஜெனிஃபர் கெண்டல், 1958இலேயே சசி கபூரை மணந்தவர். ஊருக்கே தெரிந்த தம்பதி, திரையில் ஒருவரையொருவர் நாசமாக்கும் ஒரு கள்ள உறவை நடித்துக் காட்டினார்கள். உருப்படாமல் போவது இனம் கலந்ததால் அல்ல, இருவரும் தத்தம்மை மட்டுமே காதலிப்பவர்கள் என்பதால். கடைசியில் விக்ரமைக் கத்தியால் குத்துகிற ஹரி, லூசியாவை ஒருதலையாகக் காதலிக்கும் கவிஞன், சினிமாவுக்கு எழுதிப் பிழைப்பவன். அந்தக் கத்தியில் மேற்கும் கிழக்கும் இல்லை; நட்சத்திரத்தின் நிழலில் நின்றே காய்ந்துபோன எழுத்தாளனின் வயிற்றெரிச்சல் இருக்கிறது. சினிமாவுக்கு எழுதுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சுதேசிப் படங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு கண்ணியம் காத்தன என்றும் பார்த்துவிடலாம். அதே 1970இல் மனோஜ் குமாரின் ‘பூரப் அவுர் பஸ்சிம்’ வந்து வெற்றி பெற்றது. லண்டனில் வளர்ந்த பெண் என்பதற்காக சாய்ரா பானுவுக்குப் பொன்னிற விக் மாட்டி, கையில் சிகரெட்டைக் கொடுத்து, பிறகு புடவை கட்டித் திருத்தினார்கள். அதில் ஆட்சேபமில்லை, ஐவரி ஒரு டைப்ரைட்டர் செட் போட்டால் தேசத்துக்கு அவமானம். அதே ஆண்டு ‘மேரா நாம் ஜோக்கர்’ படத்தில் ரஷ்ய சர்க்கஸ்காரி மரீனாவை ராஜ் கபூர் எவ்வளவு அன்போடு காட்டினார் என்பதையாவது இவர் சொல்லியிருக்கலாம். உருப்படியான ஒப்பீடாக இருந்திருக்கும்.

சசி கபூர் வெள்ளைக்காரர்களிடம் விலைபோனார் என்று ஒரு வரி வேறு. மசாலாப் படங்களில் ஓடியோடி நடித்த அந்த மனிதர் 1978இல் ஜுஹுவில் பிருத்வி தியேட்டரை எழுப்பினார். ‘ஜுனூன்’, ‘கல்யுக்’, ‘36 சௌரங்கி லேன்’ படங்களைத் தயாரித்தார். விலைபோனவரின் கணக்குப் புத்தகம் இப்படியா இருக்கும்?

படத்தில் குறை இல்லாமலில்லை. ஆசிரமக் காட்சிகள் மேலோட்டமானவை. குரு வெறும் கேலிச்சித்திரம். கத்திக்குத்து, படம் அதுவரை நிதானமாகக் கட்டியதைத் தடாலென்று கவிழ்க்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, விக்ரமின் மனைவி மாலா. அபர்ணா சென் நடித்திருக்கிறார். நடப்பதெல்லாம் புரிந்தும் வீட்டுக்குள் காத்திருக்கும் அந்தப் பெண்ணுக்குப் படம் தந்திருக்கும் இடம் மிகக் கொஞ்சம். லூசியாவின் சலிப்புக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தாலே வேறொரு படம் கிடைத்திருக்கும். இந்தியப் பெண்ணுக்கு நேர்ந்த அநியாயம் என்று வரிந்துகட்டி எழுத அங்கே நியாயமான இடமிருந்தது. கட்டுரையில் மாலாவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.