ஆகாயத்தில் ஒரு காப்புச் சுவர்!

சிவகாசிப் பக்கம் உள்ளவர்களுக்குப் பட்டாசு ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறை தனியாக இருக்கும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். மருந்துக் கிடங்கைச் சுற்றி மண்மேடு எழுப்புவார்கள். தப்பித் தவறி வெடித்தால், அந்த வேகம் அக்கம்பக்கத்தைத் தாக்கக் கூடாது அல்லவா?

நாம் வாழும் பூமிக்கும் இப்படி ஒரு காப்பு இருக்கிறது. அது மண்ணால் ஆனது அல்ல. காந்த சக்தியால் ஆனது. கண்ணுக்குத் தெரியாது.

சூரியக் காற்று

சூரியன் நமக்கு ஒளியை மட்டும் அனுப்பவில்லை. மின்சாரம் ஏறிய நுண்ணிய துகள்களையும் ஓயாமல் வீசிக்கொண்டு இருக்கிறது. இதற்குப் பெயர் சூரியக் காற்று.

நம் ஊர் ஆடிக் காற்று இதன் பக்கத்தில் நிற்க முடியாது. சூரியக் காற்று ஒரு விநாடிக்குச் சுமார் 400 கிலோ மீட்டர் பாய்கிறது. அந்த வேகத்தில் போனால் சிவகாசியிலிருந்து சென்னைக்குப் போக ஒன்றரை விநாடி போதும்! ஆனாலும், சூரியனிலிருந்து பூமிக்கு வர அதற்கு நாலு நாள் ஆகிறது. அவ்வளவு தூரம்!

பூமி ஒரு பெரிய காந்தம். அதனால்தான் திசைகாட்டும் கருவியின் முள் எப்போதும் வடக்கைக் காட்டுகிறது. இந்தக் காந்த சக்தி ஆகாயத்திலும் வெகுதூரம் பரவி நிற்கிறது. சூரியன் இருக்கும் பக்கத்தில், சுமார் 65 ஆயிரம் கிலோ மீட்டர் தூரத்தில், சூரியக் காற்று அதன்மீது மோதுகிறது. ஆற்று வெள்ளம் பாறையில் மோதி, இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுமே, அதுபோல அந்தக் காற்றும் விலகிப் போய்விடுகிறது.

கதவு திறந்தது!

சில சமயம் சூரியன் குமுறுகிறது. கோடிக்கணக்கான டன் துகள்கள் மேகம்போலத் திரண்டு வருகின்றன. அந்த மேகம் காந்த சக்தியையும் சுமந்துகொண்டு வருகிறது.

பூமியின் காந்தக் கோடுகள் அந்த எல்லையில் வடக்கு நோக்கி நிற்கின்றன. வருகிற காந்தக் கோடுகள் தெற்கு நோக்கி இருந்தால்தான் தொல்லை! எதிரும் புதிருமான கோடுகள் சந்தித்தால், இரண்டும் அறுந்து, ஒன்றோடு ஒன்று இணைந்துகொள்கின்றன. சுவரில் கதவு திறந்தது மாதிரி ஆகிவிடுகிறது.

இப்படி ஒரு சம்பவத்தை நம் ஊட்டியிலேயே கண்டுபிடித்தார்கள். அங்கே டாடா ஆராய்ச்சி நிலையத்தின் 'கிரேப்ஸ்-3' என்ற கூடம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து விழும் கதிர்களை எண்ணுவது அதன் வேலை. 2015 ஜூன் 22-ந் தேதி, இரண்டு மணி நேரம், வழக்கத்தைவிட அதிகமான கதிர்கள் வந்தன. சூரிய மேகம் மோதியதால் காப்புச் சுவர் சற்று நேரம் பலவீனமாகிவிட்டது என்று 2016-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

விளைவு என்ன?

தரையில் இருக்கும் நம் உடம்புக்கு ஆபத்து இல்லை. சுவர் தளர்ந்தாலும், காற்று மண்டலம் போர்வைபோல நம்மைக் காக்கிறது. 'உலகம் அழியப் போகிறது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!

ஆபத்து கருவிகளுக்குத்தான். 1989 மார்ச் 13-ந் தேதி, கானடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் அடியோடு நின்றது. 60 லட்சம் மக்கள் சுமார் 9 மணி நேரம் இருட்டில் தவித்தார்கள். விண்வெளியில் சுற்றும் செயற்கைக் கோள்களும் கெட்டுப்போகலாம். புயல் எச்சரிக்கையும், டெலிவிஷனும் அவற்றை நம்பித்தானே இருக்கின்றன?

அழகும் உண்டு. 2024 மே மாதம் லடாக்கில் இரவு வானம் செக்கச் சிவந்தது. நாம் மத்தாப்பில் சிவப்பு நிறம் வர ஸ்ட்ரான்ஷியம் உப்பைச் சேர்க்கிறோம். ஆகாயத்தில் அந்த வேலையைப் பிராணவாயு செய்தது!

செங்கோட்டைப் பெண்

விருதுநகரில் புறப்பட்டு, சிவகாசி வழியாகப் போகும் ரயில் பாதை செங்கோட்டைக்குப் போகிறது. அந்தச் செங்கோட்டையில் பிறந்தவர் நிகர் ஷாஜி. 'ஆதித்யா' விண்கலத்தின் திட்ட இயக்குநர் அவர்தான். 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா புறப்பட்டது. 2024 ஜனவரி 6-ந் தேதி, 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள தன் இடத்தை அடைந்தது.

ஊர் எல்லையில் காவல்காரன் நிற்பதுபோல அது நிற்கிறது. சூரியக் காற்று அதைத் தொட்ட பிறகு பூமிக்கு வர சுமார் ஒரு மணி நேரம் ஆகும். புயல் வேகமாக வந்தால் அரை மணிதான் கிடைக்கும்.

அரை மணியில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நம் ஜில்லா மக்கள் கேட்க மாட்டார்கள். 2012 செப்டம்பர் 5-ந் தேதி, முதலிப்பட்டியில் முதலில் தீதான் பிடித்தது. காப்பாற்றலாம் என்று அக்கம்பக்கத்தார் ஓடினார்கள். அதன் பிறகுதான் பெரிய வெடி வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சில நிமிடம் முன்னால் கிடைக்கும் எச்சரிக்கையின் மதிப்பு, அன்று தாலியைப் பறிகொடுத்த பெண்களுக்குத் தெரியும்.

ஆனால், எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது. கேட்பவருக்கு அது புரிய வேண்டும். ஆகவே, சூரியப் புயல் பற்றிய செய்திகளைச் சர்க்கார் நல்ல தமிழில், எளிய சொற்களில் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் ஒரு காந்தத்தையும், கொஞ்சம் இரும்புத் தூளையும் வைத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெண்ணைப் பாதியில் நிறுத்தாமல் படிக்க வையுங்கள். அடுத்த ஆதித்யாவை அனுப்பப் போகிறவள், இன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டு இருக்கலாம்!