பையன் கெட்டது எங்கே?

செல்போன் பறித்த 3 சிறுவர்கள் சிக்கினார்கள். மோட்டார் சைக்கிளைத் திருடிய 15 வயதுப் பையன் பிடிபட்டான். கஞ்சா பொட்டலத்துடன் 16 வயதுப் பையன்...

சென்னையில் இந்த மாதிரி செய்திக்குப் பஞ்சமே இல்லை. படித்ததும் டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். "எல்லாம் சினிமா பண்ற வேலை!" என்பார் ஒருவர். "செல்போனை வாங்கிக் குடுத்தா இப்படித்தான்" என்பார் இன்னொருவர். "வளர்ப்பு சரியில்லைங்க" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார்.

செய்தியின் கடைசி வரியை யாரும் கவனிப்பதில்லை. "பள்ளிப் படிப்பை பாதியில் நிறுத்தியவன்" என்று பல சமயம் அங்கே இருக்கும். விஷயமே அதில்தான் இருக்கிறது. எப்போது நிறுத்தினான்? ஏன் நிறுத்தினான்?

கண்ணகி நகரை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குள் குடிசைகளில் இருந்த ஜனங்களை 2000-ம் ஆண்டு முதல் துரைப்பாக்கம் பக்கம் உள்ள இந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு செம்மஞ்சேரி. அதற்குப் பிறகு பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரை ஜனங்களை ஏற்றிப்போய் அங்கே இறக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு அப்போது நடு வருஷம்! பாதிப் பாடத்தில் பையனின் பள்ளிக்கூடம் இருபது கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது.

சிமெண்ட் வீடு கிடைத்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாய்க்கு வேலை பழைய இடத்தில்தானே? மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் விடியற்காலையில் பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனது. காசு மிச்சம். நேரம் மிச்சம் ஆகவில்லை.

பழைய குடிசையில் பையன் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் எதிர்வீட்டு ஆயா விடமாட்டார். "ஏண்டா, ஸ்கூலுக்குப் போகல? உங்கம்மா வரட்டும்!" என்று அதட்டுவார். பக்கத்துச் சந்தில் அத்தை இருப்பார். புது இடத்தில் ஒரு தெரு ஜனம் பல பிளாக்குகளில் சிதறிப்போனது. கீழ்மாடிக்காரருக்கு மேல்மாடிக்காரரைத் தெரியாது. பையனைக் கேட்க ஆள் இல்லை.

யார் கூப்பிட்டார்கள்?

6 வயது முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது 2009-ம் ஆண்டு சட்டம். 14 முடிந்தால் அந்தச் சட்டம் அவனைத் தேடி வராது. 16 ஆனதும் இன்னொரு சட்டம் தேடி வருகிறது! கொலை போன்ற கொடிய குற்றம் என்றால், இளைஞர் நீதிக் குழுமம் பரிசீலித்து, பெரியவர்களைப் போலவே அவனை விசாரிக்க அனுப்பலாம் என்கிறது 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம்.

நடுவில் உள்ள இரண்டு வருஷம் அவனை யார் கூப்பிட்டார்கள்? 8-ம் வகுப்பு தேறியிருந்தாலே ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் படிக்கலாம். அதை அவனிடம் போய்ச் சொன்னவர் யார்? "தம்பி, இந்தப் பொட்டலத்தை அங்க குடுத்துட்டு வா. இருநூறு ரூபா வச்சுக்கோ" என்று ஓர் "அண்ணன்" கூப்பிட்டான். கூப்பிட்டது அவன் ஒருவன்தான்!

அந்த அண்ணனுக்கும் சட்டம் உண்டு. அதே சட்டத்தின் 83-வது பிரிவு. சிறுவர்களைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம். பையன் பிடிபட்டதைப் படிக்கிறோம். அண்ணன் பிடிபட்டதை எத்தனை முறை படித்திருக்கிறீர்கள்?

சரி, ஒழுங்காக வேலைக்குப் போகலாம் என்றால் விலாசம் குறுக்கே நிற்கிறது. "எந்த ஏரியா?" "கண்ணகி நகர் சார்." "அப்புறம் சொல்லி அனுப்பறோம்." ஒரு தப்பும் செய்யாத பையனுக்கும் இதே பதில்தான். பங்களா வீட்டுப் பையன் பீச் ரோட்டில் பைக் ரேஸ் ஓட்டிச் சிக்கினால் அப்பா வந்து கூட்டிப்போகிறார். அவன் பேட்டையின் பெயர் கெடுவதில்லை!

அதே கண்ணகி நகர்ப் பெண்தான் கார்த்திகா. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவி. அதே கட்டடங்கள், அதே தண்ணீர். ஆட ஓர் இடமும், சாயங்காலம் தவறாமல் வந்து நிற்கும் ஒரு கோச்சும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"பிடிச்சு உள்ளே போடுங்க, திருந்திடுவான்" என்கிறவர்களுக்கு ஒன்று. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் செத்துப்போனான். பேட்டரி திருடினான் என்று கொண்டுவரப்பட்டவன். அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்களே கைதானார்கள். திருத்துகிற இடத்தின் கதை இது!

குடியிருப்பை மாற்றத்தான் வேண்டும் என்றால் மே மாதத்தில், பரீட்சை முடிந்த பிறகு மாற்றட்டும். 2022-ல் ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடுகளை இடித்தது பொதுத்தேர்வு நேரத்தில். ஒருவர் தீக்குளித்து இறந்த பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமே வீடு தருவதாகச் சட்டசபையில் அறிவித்தார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இன்னொன்றுக்குச் செலவே இல்லை. பத்து நாள் சேர்ந்தாற்போல் வகுப்புக்கு வராத பையனின் வீட்டுக்கு ஓர் ஆள் போகவேண்டும். அவன் ஸ்டேஷனில் உட்கார்ந்த பிறகு, போலீஸ்காரர் விலாசம் விசாரித்து வீட்டுக்குப் போகிறார். அந்த விலாசம் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் முதலிலேயே இருக்கிறது.